முன் அச்சு இரண்டு விரல்

1958 செப்டம்பர் 17, புதன்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. இரவில் தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. வெயில் மேகத்துக்குள் இருந்தது. காற்று இல்லை. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

டிரைவர் சுப்பையாவின் பாதங்களாக இருந்தால் நான் நின்றிருக்க மாட்டேன். ஆனால் சுப்பையா எனக்குப் பக்கத்தில் வேப்பங்குச்சியை மென்றபடி நின்றார். அந்தப் பாதங்களுக்கு மேலே வெள்ளைச் சேலையின் கரை தெரிந்தது. படுத்திருந்தது எங்கள் நர்ஸம்மா.

"வாத்தியாரே, வந்துட்டீகளா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"எப்படித் தெரியும்?"

"செருப்பு தெரியுது. ஒரு நாடா பிடிக்கணும். குனிங்க."

"வேட்டி அழுக்காயிரும்மா."

"என் சேலை என்ன ஆயிருக்குன்னு பாத்துட்டுப் பேசுங்க."

குனிந்து பார்த்தேன். கிரீஸ், மண், துரு எல்லாம் அந்தச் சேலையில் இருந்தன. எனக்கு அப்போதே மனசுக்குள் புதுச் சேலைக்கு ஒரு தொகை ஓடியது. அந்தத் தொகை தவறு என்பது பிறகுதான் தெரிந்தது.

நர்ஸம்மாவுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என் பேரை ஏன் எழுதுனீக?" என்று கேட்பார். பதில் சொன்னால், அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி எடுப்பார். எங்கிருந்தாலும் கேட்பார்.

அவர் நாகர்கோவில் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் குடும்பம். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் தாண்டி உள்ளே கிடந்த எங்கள் ஊருக்கு ஐம்பத்தாறில் வந்தார், அறுபத்து மூன்றில் மாற்றலாகிப் போனார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊர்க்காரர்கள் கூடி நடத்திய அந்த ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு வரவு செலவு பார்ப்பதும் நான்தான். அதனால் அவரிடம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி காப்பி கொடுத்தாள். குடித்து முடித்ததும் டம்ளரைத் திருப்பினார். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும் அல்லவா, அதைப் படித்தார்.

"அக்கா, இதுல வேற வீட்டுப் பேரு வெட்டியிருக்கே?"

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எங்கள் பாத்திரங்களோடு கலந்து வந்துவிட்ட டம்ளர் அது. ஆறு வருஷமாக எங்கள் அடுக்களையில் யாரும் கவனிக்காமல் கிடந்தது. அன்று சாயங்காலமே என் மனைவி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு நர்ஸம்மா வந்தால் கண்ணாடி கிளாஸில்தான் காப்பி.

ஆயுத பூஜைக்கு ஒரு பட்டாசுக் கம்பெனியில் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் கொடுத்தார்கள். இவர் பொரியை ஒரு கையில் வைத்துக்கொண்டு வெடிமருந்து கலக்கும் அறையின் கதவை மறு கையால் தள்ளியும் இழுத்தும் பார்த்தார்.

"இது ஏன் உள்பக்கமாத் திறக்குது?"

"காத்துக்கு அடிச்சுக்கிடாம இருக்கும்மா" என்றார் போர்மேன்.

"உள்ள இருக்கவுக ஓடி வந்தா இழுத்துல்ல திறக்கணும்? நாலு பேரு கதவு மேல வந்து விழுந்தா எப்படி இழுப்பாக?"

போர்மேன் வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார். மறு வருஷம் அந்தக் கம்பெனியிலிருந்து எங்களுக்குப் பொரி வரவில்லை. ஆனால் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. அந்த வழியே போனபோது நானே பார்த்தேன்.

எப்போதும் இப்படி நல்லதாகவே முடியும் என்று சொல்ல முடியாது. என் தகப்பனார் காலமான பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஞ்சைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "அன்னைக்கு நீங்க ஏன் அழல வாத்தியாரே?" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. கதவைப் பற்றிக் கேட்ட அதே குரல். நான் வெளியே வந்துவிட்டேன். பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி வண்டிக்கு வருகிறேன்.

யுத்தத்தில் ஓடி, ஏலத்தில் வந்த பழைய பிக்கப் அது. அதற்கு முன்னால் எங்கள் பக்கம் யாருக்குத் தீக்காயம் பட்டாலும் மாட்டு வண்டிதான். சிவகாசி போய்ச் சேர மூன்று மணி நேரம். போகும் வழியிலேயே முடிந்துபோனவர்கள் உண்டு. கமிட்டி தண்டல் பண்ணி பிக்கப்பை வாங்கியது. ஆனால் வழியில் கல் நிறைந்த ஓர் ஓடை குறுக்கிடும், மழை பெய்தால் சேறு முழங்கால் அளவு நிற்கும். வண்டியின் வயிறு தரையில் தட்டியது. உயர்த்த வேண்டும் என்றார்கள். திருத்தங்கல்லில் மாட்டு வண்டி செய்கிற ஆசாரி ஒருவர் இருந்தார். இரும்பும் பார்ப்பார், மரமும் பார்ப்பார். அவர் ஸ்பிரிங் வில்லுப்பட்டைகளுக்கும் அச்சுகளுக்கும் நடுவில் வைரம் பாய்ந்த கருவேலங்கட்டைகளைக் கொடுத்து, வண்டியை ஒரு சாண் உயர்த்திக் கொடுத்தார். வைகாசியில் நடந்தது இது. வண்டி ஓடையைத் தாண்டியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் உயர்ந்து வந்த நாளிலிருந்து வண்டி வலது பக்கம் ஒடிய மறுத்தது. ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் மட்கார்டில் கரகரவென்று உரசும். ரப்பர் கருகுகிற வாடை வரும். சிவகாசி ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு குறுகலான பாலம் உண்டு. பாலத்தைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் சுப்பையா வண்டியைப் பின்னால் எடுத்து, முன்னால் விட்டு, மறுபடி பின்னால் எடுத்து, மூன்றாம் தடவையில்தான் திருப்புவார்.

ஆவணியில் ஒருநாள் வெடிக்குத் திரி செலுத்துகிற பெண் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போனோம். இரண்டு கையும் வெந்திருந்தது. வண்டி பின்னால் போய்க் குலுங்கி நின்றபோதெல்லாம் அவள் கத்திய கத்தலைக் கமிட்டித் தலைவரும் கேட்டார். அவர் அன்று வண்டியில் கூட வந்திருந்தார். நாற்பது ஏக்கர் கரிசல் வைத்திருந்த சம்சாரி, இளகிய மனசுக்காரர். இறங்கியதும் சொல்லிவிட்டார்.

"இது ஆஸ்பத்திரி வண்டி இல்ல வாத்தியாரே, ஆளைக் கொல்லுற வண்டி. இந்த இங்கிலீஷ் மாசக் கடைசியில வித்துருவோம். தீப்பெட்டி லோடு அடிக்க ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"வித்துட்டு?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"பழையபடி மாட்டு வண்டிதான். அடுத்த வருசம் பாப்போம்."

தீபாவளிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சீசன் சூடு பிடித்திருந்தது. ஒவ்வொரு கம்பெனியிலும் இரண்டு மடங்கு ஆள், இரண்டு மடங்கு மருந்து. அடுத்த வருஷம் என்பது நர்ஸம்மாவுக்குக் காது கேட்காத வார்த்தை. மாசக் கடைசிவரை தவணை வாங்கிக்கொண்டார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்றும் தெரியாது. முதலில் டயரில் காற்றுக் குறை என்றார். இல்லை. அப்புறம் வலது டயரையும் இடது டயரையும் மாற்றி மாட்டச் சொன்னார். சுப்பையா திட்டிக்கொண்டே மாட்டினார். பிரயோஜனமில்லை. பிறகு, இடுப்பு விலகிய நோயாளிக்கு இரண்டு காலையும் அளப்பதுபோல அளக்க வேண்டும், ஒரு கால் குட்டையாக இருக்கும் என்றார். அதற்குத்தான் அன்று காலை வண்டிக்கு அடியில் போனது. கட்டுப் போடுகிற துணிச் சுருளால் வலது பக்கம் அளந்தார், இடது பக்கம் அளந்தார். இரண்டும் ஒரே அளவு.

"ரெண்டு காலும் சமம்தான்" என்றேன். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

அடியில் விரலால் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சுப்பையாண்ணே, மேல சட்டத்துல ஒரு ரப்பர் கட்டை ஒட்டியிருக்கே, இது எதுக்கு?" என்றார்.

"வண்டி குழியில விழுந்தா அச்சு மேல வந்து அதுல முட்டும். இரும்போட இரும்பு மோதாம இருக்கத்தான்."

"அப்ப அச்சு இதுக்கு நேர் கீழல்ல இருக்கணும்?"

"ஆமா."

"இல்லையே."

ஒரு மருந்து பாட்டில் மூடியைத் துணி நாடாவில் கட்டி அந்த ரப்பரிலிருந்து தொங்கவிட்டார். குனிந்து பிடித்தது நான்தான். மூடி அச்சில் படவில்லை. அச்சு அதைவிட இரண்டு விரல் முன்னால் இருந்தது. இடது பக்கமும் அதே இரண்டு விரல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விலகியிருந்ததால் எவ்வளவு அளந்தும் தெரியவில்லை. வெளியே வந்து மட்கார்டைப் பார்த்தோம். நாலு மாதமாக நாங்கள் தினமும் பார்த்த வண்டிதான். சக்கரம் வளைவின் நடுவில் இல்லை. முன்பக்கம் விரல் நுழையாது, பின்பக்கம் கையே நுழையும்.

"இது ஏன் முன்னால போச்சு?" என்றார். முகத்தில் கிரீஸ். கண் இரண்டும் பளபளவென்று இருந்தது. விற்பனையை அந்த நிமிஷம் மறந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு நான் லீவு சொல்லி அனுப்ப, அப்போதே திருத்தங்கல்லுக்குப் புறப்பட்டோம். ஆசாரி பட்டறையில் சக்கரம் கோத்து முடித்த ஒரு புது மாட்டு வண்டிக்கு முளை செதுக்கிக்கொண்டிருந்தார். நர்ஸம்மாவின் சேலையைப் பார்த்து, "என்ன தாயி, வண்டியில வந்தீகளா, வண்டிக்கு அடியில வந்தீகளா?" என்றார்.

"அடியிலதான். ஆசாரியாரே, முன் அச்சு ரெண்டு விரல் முன்னால இருக்கே, தவறிப் போச்சா?"

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். "தவறுறதா? நாப்பது வருசமா அச்சு வைக்கேன். தெரிஞ்சுதான் வச்சேன்."

"ஏன்?"

"எஞ்சின் அம்புட்டும் முன்னால தொங்குது. முன்பாரம் வண்டி. அச்சை முன்னால தள்ளி வச்சாத்தான பாரம் பின்னால சாயும்? இல்லாட்டி மாட்டுக் கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

சுப்பையா வாயிலிருந்த குச்சியை எடுத்தார்.

"எந்த மாடு ஆசாரியாரே?" என்று நர்ஸம்மா கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

ஆசாரி வாசலில் நின்ற பிக்கப்பின் முன்பக்கத்தைப் பார்த்தார். அங்கே இரண்டு விளக்குகள் இருந்தன. மாடு இல்லை. அவர் காது சிவந்தது. "படிச்சவுக கூடி என்னைய முட்டாப்பய ஆக்க வந்தீகளாக்கும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

ஆனால் நர்ஸம்மா அந்தப் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. புது மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். "முன்பாரம்னா எம்புட்டு பாரம் கழுத்துல விழும்? அதை எப்படிக் கண்டுபிடிக்கீக?"

ஆசாரி முறைத்தார். பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "தோளைக் குடுத்துப் பாருங்க, தெரியும்."

நர்ஸம்மா நுகத்தடிக்குக் கீழே தோளைக் கொடுத்து நின்றார். என்னை வண்டியில் ஏறச் சொன்னார். நான் ஏறினேன். கணக்கு வாத்தியார், திருத்தங்கல் கடைத்தெருவுக்குப் பக்கத்தில், பட்டப் பகலில், ஒரு நர்ஸ் சுமக்கிற மாட்டு வண்டியில் நின்றேன்.

"முன்னால வாங்க வாத்தியாரே. ம்... அழுத்துது. பின்னால போங்க. அடடே, மேல தூக்குது! நடுவுல நில்லுங்க. நடுவுலன்னா நடுவுல!"

"நடு எதும்மா?"

"கழுத்துக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இன்னும் அரை அடி."

ஆசாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபோது கோபமும் ஓய்ந்திருந்தது. "பழக்கதோசம் தாயி. பாரம்னு கண்ணுல பட்டா கை தானா அச்சைத் தள்ளிருது. மாடு இருக்கா இல்லையான்னு கை பாக்கல" என்றார்.

சாயங்காலத்துக்குள் கட்டைகளில் முளை அடித்த இடத்தை மாற்றி, முன் அச்சை ரப்பருக்கு நேர் கீழே கொண்டுவந்துவிட்டார். உயரம் அப்படியே இருந்தது. கூலி வாங்கவில்லை. "கட்டையும் என்னுது, தப்பும் என்னுது" என்றார்.

ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் கோணலாக நின்றது. அப்போதுதான் சுப்பையா வாயைத் திறந்தார். வைகாசியில் வண்டி உயர்ந்து வந்தபோதும் ஸ்டியரிங் இப்படித்தான் கோணி இருந்ததாம். அச்சு முன்னால் போனதில், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி இழுத்துக்கொண்டது. பார்க்க நேராக இருக்கட்டும் என்று இவர் ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டார். வலது பக்கம் மட்டும் திரும்ப இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தக் கம்பி. அது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் சுப்பையா.

"இதை ஏன் இம்புட்டு நாளும் சொல்லல?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"நீங்க கேக்கலையே" என்று சொல்லிக்கொண்டே ஸ்டியரிங் சக்கரத்தைப் பழையபடி மாட்டினார் சுப்பையா.

நர்ஸம்மா வாயடைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஊரில் எல்லாவற்றையும் கேட்டவர், பக்கத்து சீட்டில் இருந்தவரைக் கேட்காமல் விட்டுவிட்டார்.

தலைவரைக் கூட்டிப்போய்ப் பாலத்தில் ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு. அதற்குள் நான்காம் நாள் மத்தியானம் ஆள் ஓடி வந்தது. ஒரு கம்பெனியில் வெடிமருந்துத் தட்டில் தீப்பிடித்துவிட்டது. இருபது வயசுப் பெண், மார்பும் கழுத்தும் வெந்து கிடந்தாள். வெள்ளைத் துணி விரித்து ஏற்றினோம். நர்ஸம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக வாயில் தண்ணீர் விட்டபடி வந்தார். நான் கால்மாட்டில் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாலம் வந்தது. பலகையை இறுகப் பிடித்தேன். சுப்பையா வலது பக்கம் ஒடித்தார். வண்டி நிற்காமல், பின்னால் போகாமல், ஒரே வளைவில் ரோட்டில் ஏறியது. உரசல் சத்தம் இல்லை. அந்தப் பெண் முனகிக்கொண்டிருந்த அதே குரலில் முனகிக்கொண்டிருந்தாள். குரல் ஏறவில்லை. பலகையிலிருந்து கையை எடுத்தேன். நர்ஸம்மாவைப் பார்த்தேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று சொன்ன பிறகு, வராந்தாவில் நின்று கை கழுவிக்கொண்டே நர்ஸம்மா என்னைக் கேட்டார்:

"வாத்தியாரே, பாலம் எப்ப வந்துச்சு?"

வண்டி விற்கப்படவில்லை. அந்தத் தீபாவளியும் அதற்கு அடுத்த ஐந்து தீபாவளிகளும் அது ஓடியது. அந்தப் பெண் பிழைத்தாள். கழுத்துத் தழும்போடு ஆஸ்பத்திரிக்கு வந்து போவாள். ஒவ்வொரு தடவையும் தழும்பு அரிக்குதா, எப்ப அரிக்குது, வெயிலுக்கா குளிருக்கா என்று விசாரணை நடக்கும்.

கமிட்டிக் கூட்டத்தில் நான் வண்டிச் செலவில் ஒரு சேலை சேர்த்துக் கேட்டேன். கிரீஸ் போகவில்லை, அந்தச் சேலையை அவர் தரை துடைக்கப் போட்டுவிட்டார்.

"பிக்கப்புக்குச் சேலை கட்டுனீகளா வாத்தியாரே?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். சேலை அடிபட்டுப் போயிற்று.

மறுநாள் சிவகாசிக்குப் போய் நானே ஒன்று எடுத்தேன். நர்ஸம்மா கட்டுகிற ரகம் ஒன்பது ரூபாய். அதற்கு மேலே ஒரு ரகம் இருந்தது, நூல் மெல்லியது, கரையில் நீல இழை. அதை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி மேஜையில் வைத்தேன். நினைத்தபடியே முந்தானையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"நல்ல சேலையா இருக்கே. எம்புட்டு?"

"ஒன்பது ரூபாய். கமிட்டி கொடுத்தது" என்றேன்.

மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். மருந்து வாங்கப் போனவர் அப்படியே கடைக்கும் போய், சேலையின் அடிப்பக்கத்தைக் காட்டி விலை கேட்டிருக்கிறார். தலைவர் வீட்டுக்கும் போயிருக்கிறார்.

"விலையையும் மாத்திச் சொன்னீக, குடுத்த ஆளையும் மாத்திச் சொன்னீக. ஒரு பைசா விடாம கணக்குப் பாக்கிறவுக. ஏன் வாத்தியாரே?"

அதே குரல். கதவைக் கேட்ட குரல், என் தகப்பனாரைப் பற்றிக் கேட்ட குரல். இந்தத் தடவை நான் விலகிப் போகவில்லை. அவர் காத்து நின்றார். மணி அடித்தது. சரி, பிறகு சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நீல இழைக் கரை வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாற்றலாகிப் போகிறவரை அவர் மறுபடியும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதிமூன்று ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா.